கீழ்க்கோட்டில் ஒரு பிள்ளை

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குக் ‘கறார்’ என்று பெயர் வைத்தவள் நான்தான். பக்கத்து மேசைக்காரிக்கு அந்த உரிமைகூட இல்லையா? தேநீர் குடித்த கோப்பையைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்த பிறகே அடுத்த வேலையைத் தொடுவாள். கல்வி, வளர்ச்சி என்று வெளிநாட்டில் முதுகலை படித்துவிட்டு வந்தவள். படிக்க வைத்தது அக்கா. தன் படிப்பைப் பாதியில் விட்டு, தையல் இயந்திரத்தின் முன் முதுகு வளைந்து, தங்கையை விமானம் ஏற்றியவள். கறார் திரும்பி வந்து தங்கியதும் அந்த அக்கா வீட்டில்தான்.

எங்கள் வேலை இதுதான். வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு நடத்துவோம். அதனால் பலன் உண்டா என்று நிதி தருகிறவர்களுக்கு நிரூபிக்க வேண்டும். ஆகவே பாதிப் பள்ளிகளில் வகுப்பு நடக்கும். மீதியில் ஒன்றும் செய்யாமல் சோதனை மட்டும் வைப்போம். அவற்றுக்கு ஒப்பீட்டுப் பள்ளி என்று பெயர். அங்கே ஒரு கதைப் புத்தகம் கொடுத்தாலும் ஆய்வு கெட்டுவிடும். ஆய்வு முடிந்ததும் அவர்களுக்கும் வகுப்பு உண்டு என்று சொல்லி வைத்திருந்தோம். எந்தப் பள்ளி எந்தப் பக்கம் என்று சீட்டுக் குலுக்கி எடுத்தவள் கறார். அக்கா மகளின் பள்ளி ஒப்பீட்டில் விழுந்தது.

அந்தப் பெண் அப்போது நான்காம் வகுப்பு. வாய் எட்டு ஊருக்குக் கேட்கும். எழுத்தைக் கண்டால் மட்டும் ஊமை. ஒரு நாள் நான் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தபோது அக்கா ஆரம்பித்தாள்.

“ஊரான் பிள்ளைக்கெல்லாம் சொல்லிக் குடுக்குற. இவளுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடேண்டி.”

“கொஞ்சம் பொறுத்துக்கோக்கா. ஆய்வு முடியட்டும். இப்போ நான் சொல்லிக் குடுத்தா என் வேலை கெட்டுப்போயிடும். இவ ஸ்கூலுக்கே டீச்சர் வருவாங்க.”

“வீட்டுக்குள்ள சொல்லிக் குடுத்தா யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமேக்கா.”

அக்கா சிரித்துவிட்டாள். “சரிடி, படிச்சவ நீ. உனக்குத் தெரியாததா?” என்று இன்னொரு கரண்டி சோறு போட்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. புத்தகத்தோடு மடியில் வந்து விழுந்த பிள்ளையிடம் புத்தகத்தை வாங்கி அலமாரி மேலே வைத்துவிட்டு, சீட்டாடலாமா என்று கேட்கிறாள் கறார்! இதெல்லாம் ஒரு நேர்மையா என்று, என்னைப் பேருந்து ஏற்ற வந்தவளை வழியெல்லாம் திட்டினேன்.

ஆய்வு முடிய மூன்று வருடம் ஆனது. அதற்குள் அந்தப் பெண் பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டாள். வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொன்னார்களாம், எல்லோரும் சிரித்தார்களாம்.

ஆய்வு அமோக வெற்றி. முடிவை அறிவித்த கூட்டத்தில், அரங்கத் திரையில் இரண்டு கோடுகள்: வகுப்பு நடந்த பள்ளிகளின் கோடு மேலே ஏறியது, மற்றது தரையோடு கிடந்தது. இடைவெளியைப் பார்த்து எல்லோரும் கை தட்டினார்கள். கறாருக்கு முனைவர் படிப்புக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்தது. ஒப்பீட்டுப் பள்ளிகளுக்குத்தான் ஒன்றும் இல்லை. நிதி தருகிறவர்களின் அக்கறை குடிதண்ணீர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

தேநீர் இடைவேளையில் அவள் இயக்குநரிடம் போய், அக்கா மகள் படித்த அந்த ஒரு பள்ளிக்காவது ஓர் ஆசிரியர் வேண்டும் என்று கெஞ்சினாள். அப்போதுதான் அக்கா மகள் கதை அவருக்குத் தெரிந்தது.

“அடடா, முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. அந்த ஒரு குழந்தைய கணக்குலேர்ந்து எடுத்திருப்போம். நீங்களே வீட்டுல சொல்லிக் குடுத்திருக்கலாம். ரிசல்ட்ல ஒரு வித்தியாசமும் வந்திருக்காது.”

சொல்லிவிட்டு அவர் பிஸ்கட் எடுக்கப் போய்விட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்தத் தட்டை அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போல் இருந்தது எனக்கு. கறார் கோப்பையைக் கழுவாமல் ஜன்னலில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். நானும் கூடவே போனேன்.

வழியில் கை கொள்ளாமல் கதைப் புத்தகங்கள் வாங்கினாள். வீட்டில் அக்கா தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மகள் சட்டைகளுக்குப் பித்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

“வாடா கண்ணு, நாம வாசிக்கலாம்.”

அவள் பயந்துபோய் அம்மாவைப் பார்த்தாள். “வேணாம் சித்தி. உங்க வேலை கெட்டுப்போயிடும்.”

“ஒண்ணும் கெடாதுடா. எல்லாம் முடிஞ்சிடுச்சு.”

“முடிஞ்சிடுச்சா? நல்லபடியாவா?” முகமெல்லாம் சிரிப்பு. “நீங்க சோதனை வைக்க வர்றப்போ எனக்குச் சில எழுத்து தெரியும் சித்தி. வேணும்னேதான் தெரியாதுன்னு சொன்னேன். கிளாஸ்ல டீச்சர் சொல்லிக் குடுக்குறப்பகூட காதைப் பொத்திக்குவேன். நான் கத்துக்கிட்டா உங்களுக்குக் கெடுதல்தானே?”

கறார் அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அக்கா இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, “என்னடி ஆச்சு? பாஸ்தானே?” என்று தங்கையின் தலையைத் தடவினாள்.