பூதத்துக்குக் கால் வைத்தவர்

மிளகாய் டீச்சருக்குக் கோபம் வந்தால் கரும்பலகையே வெளுத்துவிடும் என்பார்கள். பக்கத்து வகுப்பில் தூங்கிக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார், ஒருநாள் அவர் குரல் கேட்டு எழுந்து பதினாறாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் ஒப்பித்தாராம். வீட்டில் அவர் கணவர், “அடுப்புப் பத்த வைக்கத் தீப்பெட்டி எதுக்கு, உங்கம்மாவைக் கூப்பிடு” என்று மகளிடம் சொல்வார், மனைவி காதில் விழாத தூரத்தில்.

அந்தக் கோபம்தான் ஐந்தாம் வகுப்பின் பூத வேலைக்குக் காவல். அ பிரிவுப் பிள்ளைகள் ஆளுக்கொரு பூதத்தைக் கற்பனை செய்து எழுதுவார்கள்; படம் போடக் கூடாது. ஆ பிரிவுப் பிள்ளைகள் அதைப் படித்து, அட்டைப்பெட்டி, கிழிந்த துணி, பசை கொண்டு பூதத்தைச் செய்வார்கள். எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. எழுதியது இருக்க வேண்டும், எழுதாதது இருக்கக் கூடாது. சட்டம் அவ்வளவுதான்.

இந்த ஆண்டு, பொடி எழுத்துக்காக எறும்பு என்று பெயர் வாங்கிய சிறுமி, முதுகில் கண், வயிற்றில் வாய், நனைந்த போர்வை மாதிரித் தோல் என்று எழுதித் தள்ளினாள். கால்களை எழுத மறந்துவிட்டாள். ஆ பிரிவும் கால் இல்லாமலே செய்து தரையில் உட்கார்த்தி வைத்தது.

“இது எப்படி டீச்சர் நடக்கும்?” எறும்புக்கு அழுகை.

“நீ எழுதலையேடி. அவங்க என்ன ஜோசியமா பார்ப்பாங்க?”

இரண்டு நாள் உர்ரென்று இருந்தவள், பிறகு தானே ஒரு வரி சேர்த்தாள்: ‘இதற்குப் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை. வேண்டியவர்கள் இதனிடம் வரட்டும்.’ அதைப் படித்த டீச்சர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பெற்றோர் பார்க்க வரும் நாளன்று காலை பூதத்துக்கு நான்கு கால்கள் முளைத்திருந்தன. பச்சைப் பெயிண்ட் அடித்த குழாய்கள். முந்தின மாலை தலைமையாசிரியர் ஆள் வைத்துத் திருகிப் பொருத்தியிருந்தார். எறும்பு ஒரு காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. எழுதினால் எழுதியபடி நடக்கும் என்று டீச்சர் ஆண்டு முழுக்கச் சொன்னது பொய்யாகிவிட்டது.

டீச்சர் தலைமையாசிரியர் அறைக்குப் போனார்.

“கால் யார் சார் கேட்டா?”

“குப்பை மூட்டை மாதிரி கிடந்தது. பெத்தவங்க சிரிப்பாங்க, டீச்சர்.”

“எந்த வரியில கால் இருக்கு, காட்டுங்க.”

“சின்னப் பிள்ளைங்க எழுதினதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?”

மின்விசிறி தானாக நின்றுவிட்டது என்று பியூன் இன்றும் சத்தியம் செய்வார்.

“உங்க சுற்றறிக்கையில ஒரு எழுத்து மாறினா எங்களை நிக்க வெச்சுக் கேக்கறீங்களே. அது மட்டும் எழுத்தா?”

“கால் இருக்கும். போய் வேலையைப் பாருங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார். “எறும்பு, பேப்பர் எடு. கால் வந்துடுச்சு. யாரோடதுன்னு எழுது.”

எறும்பு எழுதினாள்: ‘இதற்குக் கால்கள் உண்டு. அவை இதனுடையவை அல்ல, தலைமையாசிரியருடையவை.’

எழுதியதைச் செய்வது ஆ பிரிவின் வேலை. தலைமையாசிரியர் வழக்கம்போல் ஷூவை அறை வாசலில் கழற்றிவிட்டு ரப்பர் செருப்போடு உள்ளே இருந்தார். ஷூ முன்னங்கால்களுக்குப் போனது, உள்ளே சுருட்டி வைத்திருந்த சாக்ஸ் பின்னங்கால்களுக்கு.

பெற்றோர் வந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் தலைமையாசிரியர் ரப்பர் செருப்பு சப்பு சப்பென்று அடிக்க அவர்களை அழைத்து வந்தார். ஒரு அப்பா எறும்பின் தாளை உரக்கப் படித்தார். பூதத்தின் ஷூவைப் பார்த்தார். பிறகு தலைமையாசிரியரின் காலைப் பார்த்தார். அறை முழுக்கச் சிரிப்பு.

“டீச்சர், அந்தக் காலையே கழட்டச் சொல்லுங்க,” என்றார் தலைமையாசிரியர், உதடு அசையாமல்.

“எழுதிக் கொடுங்க சார். எழுதாம இங்க எதையும் கழட்ட முடியாது.”

‘பூதத்துக்குக் கால்கள் இல்லை’ என்று தலைமையாசிரியர் எழுதி நீட்டினார். எறும்பு வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “கையெழுத்து, சார்.”

அதையும் போட்டார். ஆ பிரிவு திருகாணிகளைக் கழற்றியது. பூதம் வயிறு தரையில் பட உட்கார்ந்தது.

எல்லாரும் சிரித்தார்கள், டீச்சரைத் தவிர. நான்கு குழாய்களையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் தலைமையாசிரியர் அறை வாசலில் தடதடவென்று போட்டார். பக்கத்து வகுப்பில் கணக்கு வாத்தியார் விழித்தெழுந்து பதினேழாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினார்.