ஒரு மணிக்கு நின்ற வலி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கேரள எல்லையில், பாறசாலைக்குப் பக்கத்தில் என் தங்கை ஷீலாவின் வீட்டில் ஒரு அற்புதம் நடந்தது. நான் கண்ணால் கண்ட சாட்சி. இப்போது நினைத்தாலும் முதுகு சில்லிடுகிறது.

ஷீலாவின் மகள் ஜெமிக்கு ஐந்து வயது. சனிக்கிழமை காலையிலிருந்தே வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எங்கே வலிக்கிறது என்றால் தொப்புளைக் காட்டுவாள். இரண்டு முறை வாந்தி, லேசான காய்ச்சல். முந்தின நாள் கல்யாண வீட்டில் எதையோ தின்றிருக்கிறாள்... வேறென்ன? ஓமத் தண்ணீர் கொடுத்தோம். இந்த வயதில் அப்பென்டிக்ஸ் வரும் என்று யாராவது யோசிப்பார்களா? நாங்கள் யோசிக்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்து கட்டிலைச் சுற்றி முழங்காலிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். ஜெபம் உச்சத்துக்குப் போனபோது மணி ஒன்று. எல்லோரும் ஆமென் சொல்லவும், ஸ்விட்சை அணைத்ததுபோல் ஜெமியின் அழுகை நின்றது.

"அம்மா, நோவு போச்சு."

"கர்த்தர் தொட்டாராக்கும் அண்ணா!" என்று ஷீலா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அந்த அறையிலேயே சத்தமாக ஆமென் சொன்னது — உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? — நான்தான்.

அற்புதம் நடந்தால் அன்று சாயங்கால ஆராதனையிலேயே நன்றி செலுத்த வேண்டும். ஆஸ்பத்திரிக்கு எடுத்துவைத்த பை மறுபடி அலமாரிக்குப் போனது. மச்சான் காணிக்கைக்கு ஒரு செவ்வாழைக் குலை வெட்டினார். வீடெல்லாம் பாட்டும் சிரிப்பும்.

ஜெமி மட்டும் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. முழங்காலை மடக்கிக்கொண்டு ஃபேனையே பார்த்துக் கிடந்தாள். கட்டிலிலிருந்து குதித்துத்தான் இறங்குகிற பிள்ளை, அன்று இறங்கவே இல்லை.

"நோவுதா மக்கா?"

"இல்ல மாமா."

அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அற்புதத்தைச் சந்தேகித்தவன் என்ற பெயர் யாருக்கு வேண்டும்?

நாலரைக்கு ஆட்டோ வந்தது. என் மடியில் ஜெமி, காலடியில் குலை, பக்கத்தில் ஷீலா. ரயில்வே கேட்டுக்கு முன்னால் ஒரு ஹம்ப், வேகத்தடை. வண்டி ஏறி இறங்கியது. ஜெமி சத்தம் போடவில்லை... என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிஞ்சு விரல்களுக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்தது? உதடு வெளுத்திருந்தது. வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். பலகை மாதிரி விறைத்திருந்தது.

"எலே, வண்டியத் திருப்பு! நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு விடு!"

டிரைவர் பையன் குழம்பினான். "அண்ணா, சர்ச்சு நேரேயாக்கும்..."

"திருப்புலே!"

ஸ்கேனைப் பார்த்த சர்ஜன் மலையாளத்தில் ஒன்றே ஒன்று கேட்டார். "வேதன எப்போழாணு நின்னது?"

"கரெக்டா ஒரு மணிக்கு" என்றாள் ஷீலா, அப்போதும் கொஞ்சம் பெருமையாக.

"அப்போழாணு அது பொட்டியது."

ஆம், அப்பென்டிக்ஸ் வெடித்தது அப்போதுதான். வெடித்ததும் அழுத்தம் குறைந்து வலி கொஞ்ச நேரம் ஓய்ந்துவிடுமாம். சீழ் வயிற்றுக்குள் பரவுகிற நேரம் அது. சின்னப் பிள்ளைகளுக்கு வலியைச் சரியாகச் சொல்லத் தெரியாது, வெடிப்பதும் சீக்கிரமாம். நாங்கள் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தபோது அவளுக்குள்... வேண்டாம், எழுதக் கை வரவில்லை.

ஆபரேஷன், ஐசியு, வயிற்றிலிருந்து தொங்கிய டியூப். மூன்று நாள் அவள் பேசவில்லை. ஷீலாவுக்கு ஜெபிக்கவே பயம். "நான் கேட்டதுக்கு என்ன பதில் வந்துதுன்னு பாத்தியளா அண்ணா?" என்றாள். ஆஸ்பத்திரி வராந்தா மூலையில் செவ்வாழைக் குலை பழுத்துக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் காலை, நர்ஸ் டிரெஸ்ஸிங்கைப் பிரித்தார். வார்டே திரும்பிப் பார்க்க ஒரு அலறல்.

"எனக்கு நோவுது! விடு! மாமா, இவள அடி!"

ஆமென் என்றேன்.