சங்கிலிப்பாண்டி கையில் கடைச் சாவி

ராஜபாளையத்து மில் ஒன்றில் நூல் கோன் திருடிய வழக்கில் பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்துவிட்டு, 1991இல் வெளியே வந்தார் சங்கிலிப்பாண்டி. சொந்த ஊரான செட்டியார்பட்டியில் யாரும் வேலைக்குச் சேர்க்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை வைத்திருந்த வைகுண்டராஜ்தான் கூப்பிட்டு வேலை கொடுத்தார். கொடுத்ததோடு விட்டிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கடைக்கு வருகிறவர்களுக்கு இலைத்துண்டில் கொஞ்சம் பால்கோவா வைத்து ருசி காட்டுவது வழக்கம். வைகுண்டராஜ் கூடவே சங்கிலிப்பாண்டியையும் காட்டுவார்.

"ஏலே, இங்க வா. இவன் ஜெயில்ல இருந்து வந்த பய. நான்தான் பெத்த பிள்ள மாதிரி வச்சிருக்கேன்."

வந்தவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். ஒரு கையால் இலையை வாங்கிக்கொண்டு, மறு கையால் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள்.

சேத்தூரில் தாய் வீட்டோடு தங்கிவிட்ட மனைவி குருவம்மாள் முடிவாகச் சொல்லியிருந்தாள்: "கடைச் சாவிய நம்பி ஒங்க கையில என்னைக்குக் குடுக்காவளோ, அன்னைக்கு வாரேன். பொறவு என்னைய எவளும் களவாணி பொண்டாட்டின்னு சொல்ல மாட்டால்லா."

சங்கிலிப்பாண்டி தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஒனக்கு எதுக்குப்பா அந்தப் பாரம்?" என்று முதுகைத் தடவிக்கொடுத்தார் வைகுண்டராஜ். அன்றே அரைஞாண் கயிற்றில் தொங்கிய சாவிக்கு இன்னொரு முடிச்சு விழுந்தது.

அந்த வருஷம் வியாபாரிகள் சங்க விழாவில் வைகுண்டராஜுக்குப் பொன்னாடை. பக்கத்துக் கடை எங்களுடையது; எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான் என்பதால், வாழ்த்து மடலை என் தலையில் கட்டினார்கள். 'கருணைக் கடல்' என்று எழுதினேன். பி.ஏ. படித்தது இதற்குத்தானா என்று தெரியவில்லை. கருணைக்குச் சாட்சியாகச் சங்கிலிப்பாண்டியையும் மேடையேற்றி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"எங்க அண்ணாச்சிக்குப் பெரிய மனசு. நாளையில இருந்து கடைச் சாவியே எங்கிட்டதான்னு சொல்லிட்டாவ. ஜெயிலுக்குப் போனவன வேற எவரு இம்புட்டு நம்புவாவ?"

கைதட்டல் அடங்கவில்லை. சங்கத் தலைவர் இரண்டாவது பொன்னாடையைப் போர்த்தினார். போட்டோக்காரர், சாவி கொடுக்கிற மாதிரி நிற்கச் சொன்னார். இரண்டு பொன்னாடைக்குள் வேர்த்து வழிய வைகுண்டராஜ் முடிச்சை அவிழ்க்கச் செத்த நேரம் ஆனது.

மறுநாளே குருவம்மாள் டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். அன்று சாயங்காலமே கடைக்குள் ஒரு கட்டிலும் வந்து இறங்கியது.

"வீட்டுல ஒரே புழுக்கம்டே. நான் உள்ள படுத்துக்கிடுதேன். நீ எப்பவும் போல வெளிய பூட்டிட்டுப் போ. ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். ஊருல என் பேரு என்னாவது?"

பால்கோவா அடுப்புச் சூடு ஆறாத கடைக்குள் காற்று வாங்குகிறாராம். என்னிடம் மட்டும் இதைச் சொன்ன சங்கிலிப்பாண்டியிடம், "உங்களுக்குக் கோபம் வரலையா?" என்று கேட்டேன்.

"எதுக்குத் தம்பி கோவம்? உள்ள இருக்கவன் கஷ்டம் எனக்குத் தெரியாதா? பூட்டுறதுக்கு முன்ன ஒரு செம்புத் தண்ணி வச்சிருதேன். விடிஞ்சதும் தொறந்து விட்டுருதேன். சத்தம் கித்தம் போடாம ஒழுங்கா இருந்தாவன்னா, ஞாயித்துக்கிழமை கொஞ்சம் சீக்கிரமே விடுதது."