சனிக்கிழமை லென்ஸ்

"அங்கிள், இது இன்னும் ஓடுதா?"

கேட்டது காட்டாங்குளத்தூரில் படிக்கும் ஒரு மாணவி. இடம், படப்பை பக்கம் ஒரு ஏரிக்கரை. நேரம், ஞாயிறு காலை ஆறரை. அவள் கேட்டது என் கேமராவைப் பற்றி. என்னைப் பற்றித்தான் கேட்கிறாளோ என்று ஒரு நொடி ஆடிப்போய்விட்டேன்.

காரணம் இல்லாமல் கேட்கவில்லை. அப்போதுதான் ஒரு மீன்கொத்தி பத்தடி தூரத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. பறவை பார்க்கப் போன எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் பட்டனை அமுக்கினேன். என்னுடையது டி.எஸ்.எல்.ஆர். உள்ளே ஒரு கண்ணாடி உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் அது எழும்பி விழும். டக் டக் டக் டக்... மீன்கொத்தி போயே போய்விட்டது. ஆறு பேர் என்னை முறைத்தார்கள்.

ஏழாவது ஆளான இந்தப் பெண் முறைக்கவில்லை. அவள் அதற்குள் நாற்பது படம் எடுத்துவிட்டிருந்தாள்! அவளுடையது மிரர்லெஸ். கண்ணாடி கிடையாது, சத்தம் கிடையாது. "பறவையோட கண்ணை அதுவே தேடிப் புடிச்சுக்கும் அங்கிள்" என்றாள். லென்ஸோடு கையில் வாங்கிப் பார்த்தேன். என்னுடையதில் பாதி கனம்கூட இல்லை.

'கழுத்து எலும்பு தேய்மானம், வெயிட் தூக்காதீங்க சார்' என்று டாக்டர் வேறு சொல்லியிருக்கிறார். அப்புறம் என்ன, மாற்றிவிட வேண்டியதுதானே என்கிறீர்களா?

அங்கேதான் சிக்கல். சிக்கலின் பெயர் சேகர்.

சேகர் முடிச்சூர்க்காரன். அவன் அப்பா காலத்து வயலெல்லாம் இப்போது பிளாட். நானும் அவனும் மறைமலை நகரில் ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட் பஸ், ஒரே சீட். பஸ்ஸில் பேசிப் பேசியே கேமரா ஆசை வந்தது. ஆளுக்கொரு கேமரா வாங்கினோம். ஆனால் பறவை எடுக்க நீளமான லென்ஸ் வேண்டும். விலையைக் கேட்டதும் இருவரும் கடையை விட்டு வெளியே வந்து டீ குடித்தோம். இரண்டாவது டீயில் யோசனை பிறந்தது — சேர்ந்து ஒன்று வாங்கினால் என்ன?

அப்படி வாங்கியதுதான் எங்கள் கூட்டு லென்ஸ். ஒரு வாரம் அவனிடம், ஒரு வாரம் என்னிடம். சனிக்கிழமை சாயங்காலம் கைமாறும். யாரிடம் இருக்கிறதோ அவன் அடுத்தவன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நான் சேலையூர். நடுவே ரயில் தண்டவாளமும் ஜி.எஸ்.டி. ரோடும். பதின்மூன்று வருடம்!

நான் கம்பெனியை விட்டு எழுத வந்த பிறகும் இது நிற்கவில்லை. ஒரு மழைக்காலத்தில் முடிச்சூர் முழுக்கத் தண்ணீர். கரண்ட் இல்லை, போன் இல்லை. அவனுக்கு என்ன ஆச்சோ என்று பதறிக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் கேட்டில் சத்தம். பேண்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு நிற்கிறான். மாவு பாக்கெட் கவரில் சுற்றிய லென்ஸ் கையில்.

"இன்னா மச்சான் அப்படிப் பாக்கிற? இன்னிக்கு சனிக்கெயம தான?"

அவனைக் கட்டிக்கொள்ளத்தான் தோன்றியது. "லென்ஸ்ல தண்ணி படலையே?" என்று கேட்டேன்.

என் மனைவி தன் தோழியைப் பார்க்க வேண்டுமென்றால் போனை எடுத்து "வரேன்டி" என்பாள். முடிந்தது. ஆண்களான எங்களுக்கோ ஒரு சாக்கு வேண்டும். டிரில்லிங் மெஷின் திருப்பித் தரவேண்டும், எல்.ஐ.சி. ஃபாரத்தில் சந்தேகம் கேட்கவேண்டும்... சும்மா வந்தேன் என்று எந்த நண்பன் வீட்டு வாசலிலாவது போய் நின்றிருக்கிறோமா?

இப்போது புரிகிறதா என் பயம்? மிரர்லெஸ் வாங்கினால் அதற்கென்று கனமில்லாத புது லென்ஸும் வாங்குவேன். பழைய லென்ஸைப் பொருத்த வளையம் கிடைக்கும்தான். ஆனால் அந்த இரண்டு கிலோவைத் தூக்குவதற்குக் கேமராவையே மாற்ற வேண்டாமே! லென்ஸ் போனால் சனிக்கிழமையும் போய்விடும். அதை எப்படி அவனிடம் சொல்வது?

இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். மூன்றாவது சனிக்கிழமை லென்ஸோடு அவன் வீட்டுக்குப் போய், வடை சாப்பிட்டு, மழையைப் பற்றிப் பேசி, மகள்களைப் பற்றிப் பேசி, கடைசியில் சொல்லியே விட்டேன்.

"நான் மிரர்லெஸ்ஸுக்கு மாறலாம்னு இருக்கேன்டா. லென்ஸை நீயே வச்சுக்கோ."

சேகர் டீப்பாயில் இருந்த லென்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமோ என்று நினைத்தேன்.

காபி கொண்டுவந்த அவன் மனைவி செல்விதான் பேசினார். "இவர் வச்சிக்கினு இன்னாண்ணா பண்ணுவாரு? கேமராவே இல்லியே! பொண்ணு பெங்களூரு போகசொல்ல அதும் கையில குடுத்து வுட்டாரே... ரெண்டு வருஷம் ஆவுது. உங்ககிட்ட சொல்லல?"

இரண்டு வருடமாக இவன் ஒரு படம்கூட அனுப்பவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டால் 'எடிட் பண்ணணும்டா' என்பான். நானும் எல்லோரிடமும் அதையேதான் சொல்கிறேன் என்பதால் சந்தேகமே வரவில்லை.

"அப்ப ரெண்டு வருஷமா லென்ஸை வாங்கி என்னடா பண்ணின?"

"தொடச்சு டப்பால வெப்பேன். சனிக்கெயம எடுத்துக்கினு வருவேன்."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ இன்னாத்துக்கு இங்க வரப்போற மச்சான்?"

காபியைக் குடித்தேன். வேறென்ன செய்வது? கண் கலங்கியதற்குக் காபிச் சூட்டின் மேல் பழி போட்டேன். கிளம்பும்போது அவன் லென்ஸை எடுத்துத் துடைத்து டப்பாவில் வைத்தான். நானும் தடுக்கவில்லை.

மிரர்லெஸ் வாங்கிவிட்டேன். நன்றாகவே இருக்கிறது. சத்தம் இல்லாததுதான் இன்னும் பழகவில்லை.

நேற்று சனிக்கிழமை. சாயங்காலம் காலிங்பெல். சேகர் நிற்கிறான். கையில் பை இல்லை, டப்பா இல்லை, வெறும் கை.

"லென்ஸ் எங்கடா?"

"மறந்துட்டேன் மச்சான். வூட்லயே வச்சுட்டு வந்துட்டேன். நாளைக்கு எடுத்துக்கினு வரட்டா?"

தெருவில் தண்ணீர் நின்றபோதுகூட மறக்காதவன்.

"ஞாயித்துக்கிழமை நான் வீட்லதான்டா இருப்பேன். நாளைக்கும் மறந்துட்டு வா" என்றேன்.