ஒரே டப்பாவில் கொட்டிய விதை

என் அக்காவுக்கு வேலை செய்யும் இடத்தில் 'முரண்டு' என்று பெயர். தப்பே இல்லை. சின்ன வயதில் மாத்திரை வேண்டாம் என்று பல்லைக் கடித்தால் அம்மாவால்கூடத் திறக்க முடியாது. வளர்ந்தபின் வீடே சேர்ந்து வங்கி வேலைக்குப் போகச் சொன்னது. "எனக்கு மண்ணுதான்" என்று விதை ஆராய்ச்சி நிலையத்தில் தக்காளி வளர்க்கப் போய்விட்டாள். அதே இடத்தில் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடங்களுக்குக் குழாய் பார்க்கிறவன் நான். அவள் போடும் சண்டை ஒன்றுவிடாமல் என் காதில் விழும்.

அவள் வேலையைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும். நல்ல செடியைத் தண்ணீர் இல்லாமல் காயப்போடுவாள். துவண்டதும் தேற்றி, விதை எடுத்து, பிள்ளைச் செடியைச் செல்லமாகத் தண்ணீர் குறையாமல் வளர்ப்பாள். அதன் பிள்ளையையும் அப்படியே. பிறகு அந்தப் பேரப்பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்துவாள். தாகமே தெரியாமல் வளர்ந்த அது, பாட்டி பட்ட பாட்டை மறக்காத மாதிரி இலையைச் சுருக்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும்.

"அது எப்படிக்கா?" என்று கேட்டேன்.

"ஜீன்ல ஒரு எழுத்துகூட மாறலடா. எதைப் படிக்கணும், எதை மூடி வைக்கணும்னு மேல சின்னச் சின்னக் குறி விழுந்திருக்கு. அந்தக் குறி விதையோட போகுது."

டைரக்டருக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. எழுத்து மாறாவிட்டால் எதுவும் மாறவில்லை என்பது அவர் கட்சி. அக்காவின் விதையையும் சாதாரண விதையையும் ஜீன் பரிசோதனைக்கு அனுப்பினார். இரண்டும் ஒரே ரகம் என்று முடிவு வந்தது. எங்கள் கிடங்கில் ஒரு ரகத்துக்கு ஒரு டப்பாதான். கிடங்குக்காரர் சட்டம் பிசகாமல் இரண்டு விதையையும் ஒன்றாகக் கொட்டிக் குலுக்கி, மூடியை இறுக்கிவிட்டார். புண்ணியவான்!

அக்கா டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேரே டைரக்டர் அறைக்குப் போனாள். குழாய் பார்க்கிற சாக்கில் நானும் பின்னாலேயே போனேன்.

"ஒரே ரகம்தானேம்மா? இப்போ என்ன குடி முழுகிப்போச்சு?"

"வயிறு எரியுது சார். இத்தனை வருஷ உழைப்பு."

"அப்போ எது உங்களுதுன்னு பிரிச்சுக் காட்டுங்க. முடியலைன்னா சோதனையை மூடிடலாம். கூடம் வேற வேலைக்கு வேணும்."

"காட்டறேன்" என்றாள். பின்னால் ஒரு 'சார்' போடவில்லை.

அந்த டப்பாவிலிருந்தே விதைத்தாள். செடி வளர்ந்ததும் ஒவ்வொன்றிலும் ஓர் இலை கிள்ளி, குறிகளைப் படிக்கிற வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினாள். அங்கிருந்து ஒரு பெண் வந்து, குறி இருந்த செடிகளின் தொட்டிக்கு அடியில் மட்டும் சிவப்பு நாடா ஒட்டிவிட்டுப் போனாள். அப்போது அக்கா உள்ளே இல்லை. எந்தத் தொட்டி என்று தனக்கும் தெரியக்கூடாது, தன்னை உள்ளே விடக்கூடாது என்று அக்காவே சொல்லியிருந்தாள். பிறகு என்னிடம் வந்து, "வால்வை மூடுடா" என்றாள்.

"டைரக்டர் கேட்டா?"

"முரண்டு சொல்லிச்சுன்னு சொல்லு."

மூடினேன். செடிகள் துவள ஆரம்பித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் திறக்கவே போய்விட்டேன். "தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்!" என்று கத்தினாள். கத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் பயம்தான்.

டைரக்டர் வந்த காலையில் பாதிக்கு மேல் தலை தொங்கிக் கிடந்தது. அங்கங்கே சில மட்டும் நிமிர்ந்து நின்றன.

"நீங்களே தூக்கிப் பாருங்க" என்றாள் அக்கா.

நின்ற ஒன்றைத் தூக்கினார். சிவப்பு. இன்னொன்று. அதுவும் சிவப்பு. துவண்டதைத் தூக்கினார்; அடியில் ஒன்றுமில்லை. விடாமல் தூக்கிக்கொண்டே போனவர், துவண்ட ஒன்றின் அடியில் சிவப்பைக் கண்டதும் கப்பென்று பிடித்துக்கொண்டார்.

"இது வாடிடுச்சே?"

"ஆமா, வாடிடுச்சு. சிலதுல குறி பலமா இறங்கறதில்ல. அதை நான் மறைக்கப் போறதில்ல. மத்ததையும் தூக்குங்க."

தூக்கினார். மிச்சமெல்லாம் சரியாக இருந்தது. சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, "சரிம்மா, கூடம் உங்களுக்குத்தான்" என்றார்.

அக்கா நகரவில்லை.

"டப்பாவும் தனியா வேணும்."

"ரகம் ஒண்ணுதானே? மேல என்னன்னு எழுதறது?"

"தாகம் பட்ட வம்சம்னு எழுதுங்க."

அவர் பேனாவைத் தேடினார். அக்கா என் பக்கம் திரும்பி, "இப்போ வால்வைத் திறடா" என்றாள்.