பரஸ்தானம் வைத்த பெட்டி

அன்று காலை வாசலில் நின்றவர்கள்: அம்மா. பெரியப்பா. பெரியம்மா. மாமா. மாமி. எதிர்வீட்டுச் சேச்சி. டாக்சிக்காரர். நடுவில் என் தம்பி, புதுச் சட்டையில். ரஷ்யாவுக்குப் படிக்கப் போகிறான்.

நான் அங்கே இல்லை. அடுக்களையில் இருந்தேன். புருஷன் போனவள் எதிரே வரக்கூடாது, வண்டி தெரு திரும்பும்வரை வெளியே தலை காட்டாதே என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அவன் கல்லூரிக்குக் கட்டிக்கொண்டு போன சோறெல்லாம் நான் வடித்தது. மட்டாஞ்சேரியில் நாள் முழுக்கக் குனிந்து சுக்கு பொறுக்கி, அந்தக் கூலியில்தான் அவனுக்கு ஃபீஸ் கட்டினோம். அப்போதெல்லாம் நான் எதிரே வந்ததில் யாருக்கும் குறையில்லை.

விமானம் பதினொரு மணிக்கு. முதலில் பம்பாய், அங்கிருந்து ரஷ்யா. அதை விட்டால் அவன் இடம் போய்விடும். கல்லூரி திறக்கும் நாளுக்குள் வந்து சேராதவனுக்கு இடமில்லை என்று முன்பே எழுதியிருந்தார்கள்.

ஆனால் அன்று செவ்வாய்க்கிழமை. வடக்கே சூலம். பம்பாய் வடக்கு. என்ன செய்வது? பெரியப்பா பரஸ்தானம் வைத்தார். நல்ல நேரம் பார்த்து முதல் நாளே பெட்டியை வேறிடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அன்றைக்கே கிளம்பியதாகக் கணக்கு. வைத்த பெட்டி மறுபடி வீட்டு வாசல் ஏறக்கூடாது. போகிற வழியில் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

எல்லாரும் பேருக்கு ஒரு துணிப் பையை வைப்பார்கள். இவர் முழுப் பெட்டியையும் வைத்தார். அதற்குள் பாஸ்போர்ட், டிக்கெட். "பேப்பர் மட்டும் வீட்டிலே இருக்கட்டுமே பெரியப்பா" என்றேன். "உனக்கு என்னடீ தெரியும்? பொறப்பட்டா முழுசாப் பொறப்படணும்" என்றார். அவர் கணக்கெழுதுகிற சேட்டின் மிளகுக் கோடவுனில், மூட்டைகளுக்கு நடுவில் கொண்டுபோய் வைத்தார்.

எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பிப் போயிற்று. நான் அடுக்களையில் பாத்திரம் கழுவ உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் டாக்சிக்காரர் ஓடி வந்தார்.

"சேச்சீ, வண்டி கோடவுன் முன்னாடி நிக்குது. கோடவுன் பூட்டிக் கிடக்குது. விடியக்காலத்திலே சேட்டோட அம்மை மரிச்சுபோயி. பஜார் ரோடு முழுக்கக் கடையடைப்பு. சாவி சேட்டோட இடுப்பிலே."

"போய் வாங்க வேண்டியதுதானே?"

"யாரு போகும்? சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தா யாத்திரை முடங்கும்னு உங்க பெரியப்பா சொல்றாரு. பூட்டை உடைச்சிடலாம்னு மாமா சொல்றாரு. உடைச்சா தன் வேலை போகும்னு பெரியப்பா. நீங்க வந்து கேட்டா தோஷமில்லையாம். அதான் என்னை விட்டாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் நிற்க ஆகாதவள், சாவு வீட்டு வாசலுக்கு மட்டும் ஆவேனா? ஆனால் பேசிக்கொண்டு நிற்க நேரமில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன்.

சேட்டு வீட்டில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். சேட்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"படிக்கப் போற பையனா? பிளேன் எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு."

சாவிக் கொத்தை அவிழ்த்துக் கொடுத்தார். "பெரிசு சாவி. இடது பக்கம் திருப்பணும். சீக்கிரம் போ." அவ்வளவுதான். அம்மா செத்துக் கிடக்கும்போது அந்த மனுஷன் நாள் பார்க்கவில்லை, கிழமை பார்க்கவில்லை.

கோடவுன் வாசலுக்கு வந்தேன். பெரியப்பா கை நீட்டித் தடுத்தார்.

"அங்கேயே நில்லு. சாவியைத் தரையிலே போடு. பெட்டியைத் தொடாதே, தீட்டு."

நான் போடவில்லை. பூட்டைத் திறந்தேன். இடது பக்கம் திருப்பினேன். பெட்டி இருந்தது. தம்பி என் பின்னாலேயே உள்ளே வந்தான்.

"அக்கா, அந்தப் பக்கம் பிடி" என்றான்.

இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு வந்தோம். பெரியம்மா "சிவ சிவா" என்றாள். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்சிக்காரர் டிக்கியைத் திறந்தார்.

"ஏறுக்கா" என்றான் தம்பி.

"இவ எங்கேடா வர்றது? இடமில்லே" என்றார் அதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்ட பெரியப்பா.

"அப்ப நீங்க இறங்குங்கோ" என்றாள் அம்மா. அப்பா செத்த பிறகு அம்மா பெரியப்பாவை எதிர்த்துப் பேசி அன்றுதான் கேட்டேன்.

யாரும் இறங்கவில்லை. கோடவுனைப் பூட்டினேன். சாவியைச் சேட்டு வீட்டில் கொடுத்துவிட்டு வருவதற்குள் எதிர்வீட்டுச் சேச்சி நகர்ந்து இடம் வைத்திருந்தாள். "வா மோளே. எனக்கு இனி ஒரு தோஷமும் பிடிக்காது, ஏற்கெனவே சர்க்கரை வியாதி பிடிச்சாச்சு" என்றாள். தம்பி சிரித்துவிட்டான். தோப்பும்படிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. காரில் நான் பாலம் தாண்டியது அதுதான் முதல் தடவை. கீழே ஒரு கப்பல் போய்க்கொண்டிருந்தது. சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன்.

போய்ச் சேர்ந்ததும் அவன் எழுதினான். நான் வைத்த எலுமிச்சங்காய் ஊறுகாய் வழிந்து கம்பளிக்கோட்டுப் பை நாசமாம். பெட்டியைத் திறந்தால் பஜார் ரோடு போல மிளகு வாசனையாம். அறையில் இருந்த வெள்ளைக்காரப் பையன் தும்மித் தும்மி ஓடினானாம். படித்து முடிக்கும்வரை அந்தக் கோட்டைத்தான் போட்டான். யாத்திரை முடங்கவில்லை. பெரியப்பா அதைத் தன் பரஸ்தானத்தின் பலன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

அன்று, வெலிங்டன் தீவில் விமான நிலைய வாசல். டாக்சிக்காரர் வண்டியிலேயே இருந்துவிட்டார். வழியனுப்ப உள்ளே போகிறவர்களுக்குச் சீட்டு வாங்க வேண்டும். ஜன்னலுக்குள் இருந்தவர் கேட்டார்.

"எத்தர பேருண்டு?"

"ஆறு" என்றார் பெரியப்பா, என்னைப் பார்க்காமல்.

தம்பி அவரை விலக்கிக்கொண்டு ஜன்னலுக்குள் தலையை விட்டான்.

"ஏழு."