பின்தள்ளிய தீப்பொறி

மலாய் நாட்டில் நியாலாஸ் பக்கத்து அந்த ரப்பர்த் தோட்டத்தில் லோரி என்று இருந்தது ஒன்றுதான். அதை ஓட்டத் தெரிந்தவனும் தம்புசாமி ஒருவன்தான். பால்மரம் வெட்டிப் பால் எடுக்க வந்தவன், துரையின் காரைக் கழுவப் போய், அதன் வயிற்றுக்குள் கையை விட்டுப் பழகி, கடைசியில் லோரிக்கே டிரைவர் ஆகிவிட்டான். ஆனதும் நடையே மாறிவிட்டது. காக்கிக் கால்சட்டை என்ன, காதில் செருகிய சுருட்டு என்ன!

"இருசம்மா, ஒம் புருசன் ஒன்னய விட்டாலும் விடுவாரு, லோரிய விடமாட்டாரு லா" என்று தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பெண்கள் அவன் மனைவியைச் சீண்டுவார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அவளுக்கு அதில் பெருமைதான்.

அந்தக் காலத்து லோரிகளில் ஸ்டீரிங்கை ஒட்டி இரண்டு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று பெட்ரோலுக்கு, மற்றது தீப்பொறிக்கு. பொறிக்கம்பியைக் கீழே இறக்கினால் பொறி முந்தி விழும், வண்டி நன்றாக இழுக்கும். மேலே தள்ளினால் பிந்தி விழும். வண்டிக்கு முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பும்போது மட்டும் அந்தக் கம்பி மேலேயே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் இஞ்சின் கைப்பிடியைத் திருப்பி உதைக்கும். அப்படி உதைபட்டுக் கை போனவர்கள் உண்டு. தம்புசாமியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதை ஒப்பிப்பான்.

முப்பதாம் வருஷம் சரஸ்வதி பூசை வந்தது. லோரியைக் கழுவி, பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூசை முடிந்ததும் வண்டி முதல் சுற்றிலேயே கிளம்பவேண்டும், தயங்கினால் அந்த வருஷம் விளங்காது என்று லயத்தில் ஒரு நம்பிக்கை. தம்புசாமி கம்பியை மேலே தள்ளிவிட்டு முன்னால் போய் நின்றான். அதற்குள் இருசம்மாள், விடிந்ததிலிருந்து கட்டிய கனத்த செம்பருத்தி மாலையை ஸ்டீரிங்கில் சாத்தினாள். சாத்திவிட்டுச் சூடத்தட்டை வாங்கப் போய்விட்டாள். மாலையின் கனம் பொறிக்கம்பியைக் கீழே இழுத்ததை அவளும் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை.

ஊரே பார்க்கிறதே என்று முழுப் பலத்தோடு சுற்றினான். இஞ்சின் உதைத்தது. வலது மணிக்கட்டு ஒடிந்த சத்தம் பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

வலியில் கண் இருட்டியபோதும் அவன் நிமிர்ந்து கம்பியைத்தான் பார்த்தான். பார்த்ததும் புரிந்துவிட்டது. யாரும் நெருங்குமுன் இடது கையால் மாலையைக் கழற்றி இருக்கையில் போட்டான். "கைப்பிடி வழுக்கிருச்சி" என்றான். ஓடிவந்து மாரில் அடித்துக்கொண்டு அழுத இருசம்மாளிடமும் அதையேதான் சொன்னான். பாவி மனுஷன், அந்த ஒரு பொய்யை மட்டும் கடைசிவரை மாற்றவில்லை.

பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்து வைத்தியர் மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. ஸ்டீரிங்கைப் பிடிக்க முடிந்தது, கைப்பிடியைச் சுற்ற முடியவில்லை. வெளியே சொல்லவா முடியும்? ரப்பர் விலை தரைக்கு வந்திருந்த நேரம். தோட்டத்தில் ஆட்களைக் குறைத்து, பேர் வாசித்து, குடும்பம் குடும்பமாகச் சொந்த ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். கை ஆகாதவன் என்று தெரிந்தால் அடுத்த பேர் அவனுடையதுதான்.

இடது கையால் மெதுவாகச் சுற்றினால், கம்பி மேலே இருந்தாலும் இஞ்சின் உதைத்துவிடலாம். அதனால் ஒரு காரியம் செய்தான். இஞ்சினுக்குப் பொறியைப் பங்கிட்டுத் தரும் டப்பாவின் திருகைத் தளர்த்தி, டப்பாவையே பின்பக்கமாகத் திருப்பி வைத்தான். இனிக் கம்பி எங்கே இருந்தாலும் பொறி பிந்தியே விழும். எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் உதைக்காது. இடது கையே போதும். சட்டென்று பற்றிக்கொள்ளட்டும் என்று பெட்ரோலையும் தாராளமாகத் திறந்துவிட்டான். ஆசையாக வளர்த்த மாட்டின் காலைக் கட்டிப்போட்ட மாதிரி அவனுக்கு மனசு உறுத்தியது.

லோரி சவலைப்பிள்ளை ஆகிவிட்டது. இழுவை போய், புகை கக்கி, தண்ணீர் கொதித்தது. தம்பின் ஊர் ரயிலடிக்குப் போகும் வழியில் சீனக் கல்லறை மேடு இருக்கிறது. ஊருக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போனபோது வண்டி பாதி மேட்டில் நின்றுவிட்டது. மூட்டை முடிச்சோடு இருந்த சனம் இறங்கி, தங்களைத் துரத்துகிற லோரியைத் தாங்களே தள்ளிவிட்டது. தள்ளியவர்களில் வாயும் வயிறுமாக ஒருத்தி இருந்தாள். தம்புசாமி அதைக் கண்ணாடியில் பார்த்தான்.

வண்டி நின்றதும், அவன் இடது கையாலேயே சுற்றுவதும் கணக்கெழுதும் கிராணி கணேசமூர்த்தி காதுக்குப் போயின. ஆபீஸ் வாசலில் வைத்து, "எங்க, சோத்துக் கையால சுத்து பாப்போம்" என்றார். தம்புசாமி இரண்டு தடவை முயன்றான். கைப்பிடி அசையவில்லை.

"முந்தியே சொல்லியிருக்கலாம்ல தம்புசாமி" என்றார் அவர், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. அவர் கெட்டவர் இல்லை. ஆனாலும் அவன் பேரையும் வாசித்தாயிற்று.

ஜாசினிலிருந்து பெரியதம்பி என்று ஒரு புது டிரைவர் வந்தான். வண்டியை ஒப்படைக்குமுன் தம்புசாமி கொட்டகைக்குப் போனான். டப்பாவைப் பழைய அடையாளத்துக்கே திருப்பி, திருகை இறுக்கினான். பெட்ரோலையும் குறைத்தான். பெரியதம்பியைச் சுற்றச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்டான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இஞ்சின் ஒழுங்காகப் பேசியது. நாளைக்கு இருசம்மாள் அந்த மேட்டில் இறங்கித் தள்ளக்கூடாது. அவனால் அவளுக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் லோரியின் பின்னால், தகரப் பெட்டி மேல் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கல்லறை மேடு வந்தது. இறங்குவதற்காக ஆட்கள் எழுந்துகொண்டார்கள். லோரி நிற்கவில்லை. முனகாமல், மூச்சு வாங்காமல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கவும் தொடங்கிவிட்டது. தோட்டம் மேட்டுக்குப் பின்னால் மறைந்தது.

"புது டிரைவர் கெட்டிக்காரன்தான்" என்றார் யாரோ.

"இல்லண்ணே, இவருதான் நேத்து சரி பண்ணாரு" என்றாள் இருசம்மாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. "ஏய்யா, இத முந்தியே செஞ்சிருந்தா நம்மள அனுப்பியிருக்க மாட்டாங்கல்ல? ஏன்யா செய்யல?"

தம்புசாமி கோணல் கையை மற்றக் கையால் மூடிக்கொண்டான்.

"தோணல புள்ள" என்றான்.